கலிஃபோர்னியா நர்சிங் போர்டு கூட்டத்தில் பேசுவது எப்படி?

கலிஃபோர்னியாவில் ரிஜிஸ்டர்ட் நர்ஸ் (RN) லைசென்ஸ் கொடுப்பதும் பறிப்பதும் மாநில நர்சிங் போர்டின் கையில் இருக்கிறது. அந்த போர்டு கூடிப் பேசுவதை மக்கள் கண்ணெதிரில்தான் செய்ய வேண்டும் என்கிறது 1967-ல் வந்த பேக்லி-கீன் சட்டம். யார் வேண்டுமானாலும் போகலாம், பேசலாம். நர்சாக இருக்க வேண்டியதுகூட இல்லை.

படி 1: அஜெண்டாவை எடுங்கள்

வழக்கமான கூட்டத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போர்டு தன் இணையதளத்தில் அஜெண்டாவை, அதாவது கூட்டத்தில் பேசப்போகும் விஷயங்களின் பட்டியலை, போட்டாக வேண்டும். எல்லாமே இதில்தான் அடங்கியிருக்கிறது, நிதானமாகப் படியுங்கள். ஒவ்வொரு விஷயத்துக்கும் சுருக்கமான விவரம்தான் இருக்கும். பொதுவாக 20 சொல்லைத் தாண்டத் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. ‘விதித் திருத்தம் குறித்து விவாதம், தேவைப்பட்டால் முடிவு’ என்று ஒரு வரி இருந்தால் அன்றைக்கே ஓட்டு விழலாம். அஜெண்டாவில் இல்லாததைப் பற்றி நீங்கள் பேசலாம். ஆனால் போர்டு அன்று அதில் முடிவெடுக்க முடியாது. அடுத்து வரும் கூட்டத்தில் சேர்ப்பதா என்று மட்டும் தீர்மானிக்கலாம்.

படி 2: உறுப்பினர்களுக்குத் தரும் கோப்புகளைப் பாருங்கள்

திறந்த கூட்டத்தில் பேசப்போகும் விஷயத்துக்காக உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் ஆவணங்களை, சட்டம் விலக்கியவை தவிர, நீங்களும் கேட்டு வாங்கலாம். திருத்தத்தின் உண்மையான வாசகம் அங்கேதான் இருக்கும்.

படி 3: ஓட்டுக்கு முன்பே பேசுங்கள்

நீங்கள் பேச வந்த விஷயம் வரும்போது தலைவர் கருத்துக் கேட்பார். பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. ஆளுக்கு இத்தனை நிமிடம் என்று வரம்பு வைக்கலாம். எனவே கோரிக்கையை முதல் வாக்கியத்திலேயே வையுங்கள், காரணம் பிறகு வரட்டும். மொழிபெயர்ப்பாளர் வைத்துத் தமிழில் பேசினால் குறைந்தது இரட்டிப்பு நேரம் தர வேண்டும். இங்கிலீஷ் தடுமாறும் அம்மாவையோ சித்தியையோ அழைத்துப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

படி 4: மூடிய அமர்வு என்றால் வெளியே காத்திருங்கள்

ஒருவருடைய லைசென்ஸ் மீதான ஒழுங்கு நடவடிக்கையை உறுப்பினர்கள் கதவை மூடிக்கொண்டு ஆலோசிக்கலாம். கூட்டத்தை முடிக்குமுன் திறந்த அமர்வுக்குத் திரும்பியாக வேண்டும். உங்கள் மேலேயே வழக்கு நிலுவையில் இருந்தால் அதைப் பொதுக் கருத்து நேரத்தில் எடுக்காதீர்கள். வக்கீல் மூலம் பேசுங்கள்.

படி 5: ஓட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்

திறந்த அமர்வில் எந்த உறுப்பினர் எப்படி ஓட்டுப் போட்டார் என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். இடையூறு இல்லாதவரை நீங்களே போனில் பதிவு செய்யலாம்.