குசினி வேலைக்குச் சரியான ஆளைப் பிடிப்பது எப்படி? வன்னி வீடுகளுக்கான செய்முறை

புதுக் குசினி ஒரு ஆளின் வேலை இல்லை. மேசன், பைப் வேலைக்காரர், வயரிங்காரர், பான்ரி அலுமாரி அடிப்பவர் என்று நாலு பேரின் கை படும். நாலு பேரும் தனித்தனியே கெட்டிக்காரராக இருந்தும் குசினி பிழையாகிப்போகலாம். ரைல்ஸ் ஒட்டி முடிந்த சுவரை வயரிங்காரர் வந்து வெட்டுவார். அலுமாரி பூட்டிய பிறகுதான் கழிவுப் பைப் தவறான இடத்தில் நிற்பது தெரியவரும். ஆகவே நீங்கள் தேடவேண்டியது நல்ல கையை மட்டுமல்ல, மற்ற மூன்று பேரின் வேலைக்கும் பொறுப்பு நிற்கக்கூடிய ஒருவரை. அது மேசனாகவும் இருக்கலாம், அலுமாரிக்காரராகவும் இருக்கலாம்.

1. ஆளைக் கூப்பிடமுன் அளவை எடுங்கள்

ஒரு சி.ஆர். கொப்பித் தாளில் குசினியைக் கீறுங்கள். ஒவ்வொரு சுவரையும் நிலத்தோடு, இடுப்பு உயரத்தில், தலைக்கு மேலே என மூன்று இடத்தில் அளவுங்கள். மூன்றும் ஒன்றாக இருக்காது. ஆகச் சிறிய அளவை எழுதுங்கள். மூலை சரியா என்று பார்க்க, ஒரு சுவரில் 3 அடியும் மற்றச் சுவரில் 4 அடியும் குறித்துக் குறுக்கே அளவுங்கள். சரியாக 5 அடி வரவேண்டும். அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் தாளில் குறித்து வையுங்கள்.

மேடையின் உயரம் வழக்கமாக 32 முதல் 34 அங்குலம், அகலம் 24 அங்குலம். வீட்டில் அதிகம் சமைப்பவரை நிற்கச்சொல்லி முழங்கையை மடிக்கச் சொல்லுங்கள். முழங்கைக்கு 4 அங்குலம் கீழே மேடை வரட்டும். மேல் அலுமாரி 12 அங்குல ஆழம், மேடைக்கும் அதற்கும் இடையில் 18 முதல் 20 அங்குல இடைவெளி.

யன்னல், சிங்க், தாங்கியிலிருந்து வரும் பைப், கழிவுநீர் வெளியே போகும் இடம், காஸ் சிலிண்டர் நிற்கும் இடம், றைஸ் குக்கர், கிறைண்டர், கேத்தில் எல்லாவற்றையும் குறியுங்கள். வீட்டுத்திட்ட வீடு என்றால் குசினி சிறியது, ஒரு சுவரோடு நேர் வரிசையாகப் போடுவதே நல்லது. எல் வடிவம் அழகுதான், ஆனால் மூலை அலுமாரிக்குள் வைத்த பானையை எடுக்க நிலத்தில் படுக்கவேண்டிவரும். விறகடுப்பை என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவெடுங்கள். அம்மம்மா இருக்கிற வீடு என்றால் முதலில் அவவைக் கேளுங்கள்.

2. எதில் செய்வது

ஆளை முடிவுசெய்வதே பொருள்தான். அலுமினியம் என்றால் பிற்றிங் கடைக்காரர், மரம் என்றால் தச்சுவேலைக்காரர்.

எம்.டி.எப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த) பலகை மலிவு, ஆனால் சிங்குக்குக் கீழே ஒருமுறை நனைந்தால் ஊதிவிடும், பிறகு திரும்பாது. கறையான் உள்ள காணியில் மரம், எம்.டி.எப். எதுவானாலும் நிலத்தில் முட்டக்கூடாது. 4 அங்குல சீமெந்துத் திண்ணையோ பிளாஸ்ரிக் காலோ கேளுங்கள். அலுமினியத்தைக் கறையான் தொடாது. ஆனால் அலுமினிய அலுமாரியில் பலகையின் தடிப்பும் சட்டத்தின் கனமும் குறைந்தால் அலுமாரி ஆடத் தொடங்கும், அவ்வளவுதான்.

முதிரை, பாலை, தேக்கு என்று போனால் இரண்டு விடயம். மரம் நன்கு காய்ந்திருக்க வேண்டும். மாரியில் அடித்த பச்சை மரக் கதவு சோளகம் வீசும்போது சுருங்கி இடைவெளி விடும். அடுத்தது, மரத்துக்கு வனத் திணைக்கள அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். "அதைப் பற்றி யோசிக்காதேங்கோ" என்று பதில் வந்தால் யோசிக்க வேண்டியது நீங்கள்தான்.

3. எப்போது தேடுவது

இங்கே வேலைகாரர் பலர் வயலும் செய்பவர்கள். காலபோக விதைப்புக்கும் தை, மாசி அறுவடைக்கும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போவார்கள். அறுவடை முடிந்து காசு புழங்கும்போது எல்லாரும் ஒரேயடியாக வீட்டுவேலை தொடங்குவதால் நல்ல ஆள் கிடைக்காது. மாரிக்குள் சீமெந்தும் பூச்சும் காயாது. சித்திரை வருசம் கழிந்து ஆவணி வரையான காலம் வசதி.

4. எங்கே கேட்பது

முதலில் உங்கள் ஊர் ஹாட்வெயார் கடை. எந்த மேசன் ஒழுங்காகச் சாமான் கணக்குச் சொல்லி வாங்குகிறார், யார் அடிக்கடி மாற்றிக் கேட்டு வருகிறார் என்பதெல்லாம் கல்லாவில் இருப்பவருக்குத் தெரியும். அலுமினிய வேலைக்கு ஏ9 வீதியோரக் கடைகளைப் பார்க்கலாம். ஆனால் தூரத்தை நினைவில் வையுங்கள். வவுனியாக் கடைக்காரர் முல்லைத்தீவுக்கு ஒருமுறை வந்து பூட்டிவிட்டுப் போவார், ஒரு பிணைச்சல் இறங்கியதற்காகத் திரும்பி வருவாரா? முடிந்தவரை 20 கிலோமீற்றருக்குள் இருக்கும் ஆளைப் பாருங்கள்.

வயரிங்குக்கு மட்டும் சொந்தக்காரப் பெடியன் என்று விட்டுக்கொடுக்காதீர்கள். என்.வி.கியூ. (தேசிய தொழிற் தகைமை) சான்றிதழ் உள்ளவரைத் தேடுங்கள். கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் போன்ற இடங்களில் படித்து வெளிவந்த பிள்ளைகள் ஊர்களில் இருக்கிறார்கள்.

5. பழைய வேலையைப் பாருங்கள்

போனில் காட்டும் படம் எல்லாம் பூட்டிய அன்று எடுத்தது. அன்றைக்கு எந்தக் குசினியும் அழகுதான். "அண்ணை, ரெண்டு வருசத்துக்கு முந்திச் செய்த குசினி ஒண்டைக் காட்டுவியளோ?" என்று கேளுங்கள். போனால் பார்க்கவேண்டியது இவை:

- சிங்குக்குக் கீழ்க் கதவைத் திறந்து முதலில் மணத்தைப் பாருங்கள். பிறகு அடிப்பலகையைப் பெருவிரலால் அழுத்துங்கள். பஞ்சுபோல அமர்ந்தால் கசிவு இருக்கிறது.
- பானை சட்டி நிறைந்த லாச்சியை முழுதாக இழுங்கள். முன்பக்கம் தொங்கக்கூடாது.
- கதவுகளின் மேல் விளிம்பு ஒரே கோட்டில் நிற்கிறதா? ஒன்று இறங்கியிருந்தால் பிணைச்சல் மலிவு, அல்லது ஆணி பிடிக்கவில்லை.
- மேடையும் சுவரும் சேரும் இடத்தில் சிலிக்கன் கறுத்து உரிந்திருக்கிறதா?

வீட்டுக்கார அம்மாவிடம் ஒரு கேள்வி போதும்: "பிறகு கூப்பிட்டபோது வந்தவரோ?"

6. விலை கேட்பது

பலர் ஏமாறுவது இங்கேதான், அதுவும் ஆள் ஏமாற்றி அல்ல, அளவு ஏமாற்றி. மூன்று பேரிடம் ஒரே தாளைக் கொடுத்து விலை கேளுங்கள். ஒருவர் நீள அடிக்குச் சொல்வார், ஒருவர் சதுர அடிக்குச் சொல்வார்.

ஒரு கணக்குப் பாருங்கள். கீழ் அலுமாரி 10 அடி நீளம், 33 அங்குல உயரம். மேல் அலுமாரி 6 அடி நீளம், 2 அடி உயரம். பேச்சுக்கு ஒருவர் நீள அடி 7,000 ரூபா என்கிறார்: 16 அடிக்கு 112,000. மற்றவர் சதுர அடி 3,000 என்கிறார். முகப்பை மட்டும் அளந்தால் 27.5 உம் 12 உம் சேர்ந்து 39.5 சதுர அடி, 118,500 ரூபா. பெரிய வித்தியாசமில்லை. ஆனால் அவர் கீழ் அலுமாரியின் இரண்டு பக்கப் பலகையையும் (11 சதுர அடி) நடுத் தட்டையும் (20 சதுர அடி) சேர்த்து அளந்தால் 70.5 சதுர அடி, 211,500 ரூபா. விலை மாறவில்லை, அளவுநாடா மட்டும் நீண்டுவிட்டது. "எதை எதை அளப்பியள்?" என்று தொடக்கத்திலேயே கேட்டு எழுதுங்கள்.

பிணைச்சல், கைபிடி, லாச்சி றெயில், சிங்குக்கு வெட்டு, வாகனக் கூலி, வேலைகாரரின் சாப்பாடு ஆகியவை விலைக்குள்ளா வெளியேயா என்றும் கேளுங்கள்.

7. தாளும் காசும்

சொந்தக்காரர் என்றாலும் எழுதுங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், அளவு, பொருளின் வகையும் தடிப்பும், தொடங்கும் நாள், முடிக்கும் நாள், தொகை, இருவரது கையொப்பம். பிரச்சினை மத்தியஸ்த சபைக்குப் போனால் அங்கே பேசுவது அந்தத் தாள்தான்.

முழுக் காசும் முற்பணமாகக் கேட்பவர் பெரும்பாலும் போன வீட்டு வேலையை உங்கள் காசில் முடிக்கிறார். 30 சதவீதம் தொடக்கத்தில், 40 சாமான் வீட்டுக்கு வந்ததும், 20 பூட்டியதும், மிச்சம் 10 இரண்டு கிழமை பாவித்த பிறகு. முடியுமானால் சாமானை நீங்களே கடையில் வாங்கி, பில்லை வைத்துக்கொண்டு கூலியை மட்டும் கொடுங்கள்.

8. வேலை நடக்கும் ஒழுங்கு

முதலில் சுவர் வெட்டு: பைப்பும் வயரிங்கும். பிறகு பூச்சு, மேடைத் தட்டு. 3 அங்குலக் கொங்கிறீற் தட்டுக்கு 10 மில்லிமீற்றர் கம்பி 6 அங்குல இடைவெளியில் வரட்டும். ஏழு நாள் சாக்கை நனைத்துப் போடுங்கள், தட்டைத் தாங்கி நிற்கும் பலகையை 10 நாளுக்கு முன் கழற்ற விடாதீர்கள். அடுத்து ரைல்ஸ் அல்லது கிரனைட்.

அலுமாரிக்கு இறுதி அளவு ரைல்ஸ் ஒட்டிய பிறகுதான். சாந்தும் ரைல்சும் சேர்ந்து ஒரு சுவருக்கு முக்கால் முதல் ஒரு அங்குலம் தின்னும். இரண்டு பக்கச் சுவருக்கும் சேர்த்து ஒன்றரை முதல் 2 அங்குலம். வெறும் சுவரை அளந்து கடையில் செய்து வந்த பெட்டி உள்ளே போகாது. பிறகு ரைல்சை உடைப்பதா பெட்டியை வெட்டுவதா என்று சண்டை.

மேல் அலுமாரி தொங்கும் சுவரின் சீமெந்துக் கல்லை ஒரு ஆணியால் சுரண்டிப் பாருங்கள். மணலாகக் கொட்டினால் ரோல் பிளக் (சுவர்த் துளைக்குள் ஆணியைப் பிடிக்கும் பிளாஸ்ரிக் துண்டு) நிற்காது. சுவரின் மறுபக்கம் வரை துளைத்து நட்டுப் போட வேண்டும், அல்லது கீழே இரும்பு அங்கிள் வைத்துத் தாங்க வேண்டும்.

கழிவுப் பைப்புக்கு அடிக்குக் கால் அங்குலச் சரிவு, சிங்குக்குக் கீழே தண்ணீரை மறிக்கும் வால்வு ஒன்று. கிணற்றுத் தண்ணீர் கல் பிடிப்பது என்றால் சிங்கில் தண்ணீர் திறக்கும் பைப் கழற்றிக் கழுவக்கூடிய வாய் உள்ளதாகவே வாங்குங்கள். மின் பிளக் சிங்குக்கு நேர் மேலே வரக்கூடாது; கரண்ட் கசிந்தால் தானே நிற்பாட்டும் 30 மில்லி அம்பியர் ற்றிப் சுவிட்ச் கட்டாயம். காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் நிலத்தோடு தேங்கும். ஆகவே சிலிண்டர் நிற்கும் அலுமாரியின் அடியில் காற்றுத் துவாரம் இருக்கவேண்டும்.

9. கடைசிக் காசுக்கு முன்

சிங்கை விளிம்புவரை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, கீழே ஒவ்வொரு மூட்டையும் காய்ந்த பேப்பரால் துடையுங்கள். ஈரம் பட்டால் இறுக்கச் சொல்லுங்கள். காஸ் மூட்டில் சவர்க்கார நுரை தடவிக் குமிழ் வருகிறதா பாருங்கள். கேத்திலையும் றைஸ் குக்கரையும் ஒன்றாகப் போட்டுப் பத்து நிமிடம் விட்டு, நிறுத்தியபின் பிளக்கைத் தொடுங்கள், சுடக்கூடாது. ற்றிப் சுவிட்சின் ரெஸ்ற் பொத்தானையும் ஒருமுறை அமத்துங்கள்.

மிஞ்சிய ரைல்சில் நாலைந்து, பிணைச்சல் இரண்டு, கைபிடி ஒன்று ஆகியவற்றைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். மூன்று வருடம் கழித்து ஒரு ரைல்ஸ் உடைந்தால் அதே நிறம் எந்தக் கடையிலும் இருக்காது.