சாவியைக் கண்டுபிடிப்பது வேறு, யுரேனஸைக் கண்டுபிடிப்பது வேறு

தொலைந்த சாவி, கணக்குக்கு விடை, புதுக் கோள், புது இயந்திரம்: தமிழில் எல்லாவற்றையும் ‘கண்டுபிடித்து’விடலாம். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி வினை. அங்கேதான் சறுக்குகிறோம்.

சாவியைத் தேடும்போதே ‘ஐ ஆம் ஃபைண்டிங் மை கீஸ்’ என்பவர்கள் நிறைய. ‘ஃபைண்ட்’ என்பது சாவி கிடைக்கிற அந்த நொடி. அதுவரை ‘லுக்கிங் ஃபார்’தான். ‘சர்ச்’ போடலாமே என்றால், அப்போதும் ‘ஃபார்’ வேண்டும். போலீஸ் ஒருவரை ‘சர்ச்’ செய்தால் அவர் சட்டைப்பையைத் துழாவுகிறார்கள். ‘சர்ச் ஃபார்’ என்றால் ஆளையே காணோம்!

சரி, சாவி கிடைத்துவிட்டது. உடனே ‘ஐ ஃபவுண்ட் அவுட் மை கீஸ்’ என்று சொல்லிவிடாதீர்கள். ‘ஃபைண்ட் அவுட்’ பொருளுக்கு வராது, தகவலுக்குத்தான் வரும். ரயில் எத்தனை மணிக்கு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டால் ‘ஃபைண்ட் அவுட்’. மண்டையைக் குடைந்து நீங்களே விடைக்கு வந்தால் ‘ஃபிகர் அவுட்’. ஆளுக்குப் போட்டால் விவகாரம்: கூட்டத்தில் நண்பனைத் தேடிப் பிடித்துவிட்டு ‘ஐ ஃபவுண்ட் ஹிம் அவுட்’ என்றால், அவன் குட்டு உடைந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம், பரீட்சைத் தாள்களின் நிரந்தரத் தவறு: ‘எடிசன் டிஸ்கவர்ட் தி ஃபோனோகிராஃப்’. 1877-க்கு முன் பேச்சைப் பதிந்து திரும்ப ஒலிக்கும் அப்படி ஒரு கருவியே கிடையாது. அவர் செய்தது ‘இன்வென்ட்’. ஏற்கெனவே இருந்து, யாருக்கும் தெரியாமல் கிடந்ததற்கே ‘டிஸ்கவர்’. 1895-இல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரை ‘டிஸ்கவர்’ செய்தார்; படமெடுக்கும் இயந்திரம் ‘இன்வென்ட்’ கணக்கில் சேரும். கதை கட்டுவதற்கும் ‘இன்வென்ட்’தான் என்பதால், ‘ஹி இன்வென்டட் எ ரீசன்’ என்பது பாராட்டு அல்ல.

யுரேனஸ் கதையில் இந்த வினைகளில் பலவற்றுக்கு வேலை உண்டு. 1781 மார்ச் 13 இரவு வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் வித்தியாசமான ஓர் ஒளிப்புள்ளியைக் கவனித்தார், அது ‘நோட்டிஸ்’. வால்மீன் என்றுதான் முதலில் நினைத்தார். அதன் பாதையைக் கணக்குப் போட்டு, கோள் என்று ‘ஃபிகர் அவுட்’ செய்தவர்கள் மற்ற வானியலாளர்கள். ‘டிஸ்கவர்’ செய்த பெயர் மட்டும் ஹெர்ஷலுக்கு. அவர் ‘லுக்கிங் ஃபார்’ என்று உட்கார்ந்திருந்ததோ, இரட்டை விண்மீன்களை.