கையெழுத்தைக் கடைசியாகப் பாருங்கள்

பின்னாளில் வாலிபர் காங்கிரஸாக மாறிய மாணவர் காங்கிரஸின் அழைப்பில் 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்துபோனதால், அவர் எழுதிய கடிதமொன்று தங்கள் பேரனாரிடம் இருந்ததாகச் சொல்லும் வீடுகள் இங்கு உண்டு. அப்படியொன்று விலைக்கு வரும்போது சேகரிப்பாளர் செய்யும் முதல் தவறு, கையெழுத்தை உற்றுப் பார்ப்பது. போலி செய்பவர் தம் உழைப்பு முழுவதையும் அதிலேதான் போட்டிருப்பார். எனக்குக் காட்டப்பட்ட கடிதமொன்றில் கையெழுத்து அச்சொட்டாக இருந்தது. ஆனால் தலைப்பில் ‘சபர்மதி, 1935’ என்றிருந்தது. 1930 மார்ச்சில் உப்பு யாத்திரைக்காகப் புறப்பட்டபோதே, விடுதலை கிடைக்கும்வரை அந்த ஆசிரமத்துக்குத் திரும்புவதில்லை என்று உறுதி பூண்டவர் காந்தி. அன்றியும், வலக்கை களைத்தால் இடக்கையால் எழுதிய ஒருவரின் எழுத்தை ஒரேயொரு மாதிரியோடு ஒப்பிட்டு முடிவு சொல்ல முடியாது.

அடுத்தது தாள். 1931 மார்ச் 23 அன்று தூக்கிலிடப்பட்ட பகத் சிங்கின் கடிதம் என்று தரப்படுவது, கள்ளத்தாள் பார்க்கும் புறஊதா விளக்கின்கீழ் பளீரென நீலமாக ஒளிர்ந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அவ்வாறு ஒளிரும் வெண்மையூட்டிகள் தாளில் பரவலாகச் சேர்ந்தது ஏறத்தாழ 1950இற்குப் பிறகுதான். ஒளிராவிட்டால் உண்மையானது என்றும் ஆகிவிடாது, ஏனெனில் பழைய புத்தகங்களின் வெற்றுப் பக்கங்களைக் கிழித்து அதில் எழுதுவோரும் இருக்கிறார்கள்.

கியூபாவின் 1960ஆம் ஆண்டு நாணயத்தாள்களில் உள்ள ‘சே’ என்ற ஒப்பத்தைக் கண்டு ஏமாறுவதும் உண்டு. அந்நாட்டுத் தேசிய வங்கியின் தலைவராகப் புரட்சியாளர் சே குவேரா இட்ட அந்த ஒப்பம் எல்லாத் தாள்களிலும் அச்சிடப்பட்டதே.

சட்டத்தை மறப்பது பலருக்குத் தவறாகவே தெரிவதில்லை. 75 ஆண்டுகளைக் கடந்த, வரலாற்று மதிப்புள்ள ஆவணங்களைத் தனியார் இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுசெல்வதை அந்நாட்டின் 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. காந்தியின் கடிதம் ஒவ்வொன்றும் இன்று அந்த வயதைத் தாண்டியது. எனவே சென்னையில் வாங்கிப் பயணப்பையில் வைத்துக் கொண்டுவந்தேன் என்று பெருமையாகச் சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

உண்மையான கடிதத்தையும் நாமே கெடுத்துவிடுகிறோம். கறையானுக்கும் கடற்காற்றுக்கும் அஞ்சி, எனக்குத் தெரிந்த ஒருவர் தம் தகப்பனாரின் அலுமாரியில் கிடைத்த தபாலட்டையைக் கொப்பிக் கடையொன்றில் லமினேற் செய்வித்தார். சூட்டில் உருகிய பிளாஸ்ரிக் மையோடு ஒட்டிக்கொண்டது; இப்போது அதை உரித்தால் எழுத்தும் சேர்ந்தே வருகிறது.