பேக்லிங்க் நெட்வொர்க்கில் காசு போடும் முன்: தொடக்கநிலையாளருக்கான சோதனைகள்

தளம் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே, மாதக் கட்டணத்துக்குப் பேக்லிங்க் (வேறு தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்பு) தருகிறோம் என்று மின்னஞ்சல்கள் வர ஆரம்பித்துவிடும். பதில் போடும் முன் கீழே உள்ளவற்றைச் செய்து பாருங்கள். காசு செலவில்லை.

படி 1: விற்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு பக்கத்துக்கு யார் யார் இணைப்புக் கொடுக்கிறார்கள் என்பதை வைத்து அதை மதிப்பிடும் பேஜ்ரேங்க் முறையை லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் வெளியிட்டார்கள். இணைப்புக்கு மதிப்பு வந்ததும் அதைத் தயாரித்து விற்கிறவர்களும் வந்துவிட்டார்கள். காலாவதியான டொமைன்களை ஏலத்தில் எடுப்பார்கள். பழைய உரிமையாளர் சம்பாதித்து வைத்த இணைப்புகள் அவற்றில் அப்படியே இருக்கும். பெயருக்கு நாலு கட்டுரை போட்டு, அந்தப் பலத்தை உங்கள் பக்கம் திருப்பிவிடுவார்கள். பிபிஎன் (பிரைவேட் பிளாக் நெட்வொர்க்) என்று சொல்வது இதைத்தான்.

படி 2: மாதிரித் தளங்களைக் கேட்டு வாங்கிச் சோதியுங்கள்

காட்டவே மாட்டேன் என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். வெளியே தெரிந்தால் கூகுள் பிடித்துவிடும் என்பதுதான் அவர்களுடைய பயம்.

காட்டினால், கூகுள் தேடல் பெட்டியில் ‘சைட்’ என்று ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் அந்த டொமைனைப் போடுங்கள். ஒரு பக்கம்கூட வரவில்லையா? கூகுள் அதைத் தூக்கியிருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் தளங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அதே டொமைனின் பழைய முகத்தைப் பாருங்கள். முன்பு பல் மருத்துவரின் தளமாக இருந்தது இன்று சூதாட்டம், கடன், கிரிப்டோ என்று எழுதிக்கொண்டிருந்தால் விஷயம் தெளிவு. பழைய டொமைனின் பெயரை இப்படிப் பயன்படுத்துவதை 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் தனியாகவே சேர்த்தது.

கடைசியாக, இணைப்புக்கு ‘ஸ்பான்சர்டு’ குறி போட்டுத் தருவீர்களா என்று விற்பவரிடம் கேளுங்கள். விளம்பர இணைப்புகளுக்காகவே கூகுள் 2019-இல் கொண்டுவந்த குறி அது. போட்டால் விதிமீறல் இல்லை, ஆனால் தேடலில் ஏற்றமும் பெரும்பாலும் இல்லை, வாசகர் வருவது மட்டுமே ஆதாயம். நல்ல வாசகர் கூட்டம் உள்ள தளம் சரி என்று சொல்லும். நெட்வொர்க்காரர் நழுவுவார். அவரிடம் வாசகர் இல்லையே!

படி 3: ஆதாயத்தைக் கணக்குப் பாருங்கள்

போட்டி குறைந்த சொற்களில் தளம் மேலே ஏறுவது உண்டு. அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது வாடகைக்கு எடுத்த ஏற்றம். 2012 மார்ச்சில் பில்ட்மைரேங்க் என்ற நெட்வொர்க்கின் பெரும்பாலான தளங்களைக் கூகுள் தன் அட்டவணையிலிருந்து நீக்கியது. அந்த நிறுவனம் கடையை மூடியது. அடுத்த மாதமே, இணைப்பு மோசடியைக் குறிவைத்த கூகுளின் பெங்குவின் அப்டேட் வந்தது.

2016-க்குப் பிறகு பெங்குவின் பெரும்பாலும் தளத்தைத் தண்டிப்பதில்லை. அந்த இணைப்புகளைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆகவே இன்று முதல் ஆபத்து, கொடுத்த காசு ஒன்றுமில்லாமல் போவது. இணைப்புகளின் பலன் ஒருமுறை போனால் திரும்பக் கிடைக்காது என்று கூகுளே சொல்லியிருக்கிறது.

படி 4: எதைப் பணயம் வைக்கிறீர்கள்?

கூகுள் ஊழியர் தளத்தைப் பார்த்துக் கொடுக்கும் தண்டனை இன்னும் உண்டு. 2011-இல் அமெரிக்காவின் ஜேசி பென்னி என்ற பெரிய கடைத்தொடர், இணைப்பு மோசடி நியூயார்க் டைம்ஸில் வெளியானதும் தேடலில் சரிந்தது. 2012-இல் கூகுள் தன் குரோம் பக்கத்தையே காசு கொடுத்த இணைப்புக்காகக் கீழே தள்ளியது! இவர்களெல்லாம் தாங்குவார்கள், தேடாமலேயே வாடிக்கையாளர் வருவார்கள். நீங்கள்?

போனால் போகட்டும் என்று வைத்திருக்கும் சோதனைத் தளத்தில் ஆடிப் பார்ப்பது உங்கள் விருப்பம். கடைப் பெயரில் உள்ள டொமைனில் வேண்டாம் என்பது என் கருத்து.

படி 5: ஏற்கெனவே வாங்கியிருந்தால்

தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில், தண்டனைகளைக் காட்டும் ‘மேனுவல் ஆக்ஷன்ஸ்’ பக்கத்தைத் திறங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் வாங்குவதை நிறுத்தினால் பெரும்பாலும் போதும். பயந்துபோய், இந்த இணைப்புகளைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடம் சொல்லும் டிஸ்அவோ கருவியில் கைவைத்து நல்ல இணைப்புகளையும் சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள்.

தண்டனை இருந்தால், முதலில் இணைப்புகளை எடுக்கச் சொல்லி விற்றவருக்கு எழுதுங்கள். எடுக்காதவற்றை வரிக்கு ஒரு டொமைனாக டெக்ஸ்ட் கோப்பில் எழுதி டிஸ்அவோவில் ஏற்றுங்கள். பிறகு என்ன வாங்கினீர்கள், எதை நீக்கினீர்கள் என்பதை மறைக்காமல் எழுதி மறுபரிசீலனைக்கு விண்ணப்பியுங்கள். பதில் வரச் சில வாரங்கள்கூட ஆகலாம். அதுவரை அதே விண்ணப்பத்தைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டாம்.