பதிவான செஸ் ஆட்டத்தைப் படிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

செம்பூரில் லோக்கல் ஏறி சிஎஸ்எம்டி போய்ச் சேர்வதற்குள் மொபைலில் மூன்று நான்கு ஆட்டங்களைப் பார்த்து முடிக்கும் பிள்ளைகள் மும்பையில் நிறைய. அம்புக்குறியைத் தட்டினால் காய் தானாக நகர்கிறது. யோசிக்க வேலையே இல்லை. வீட்டுக்கு வந்ததும் பலகையை விரியுங்கள். ஜெயித்தவர் பக்கம் உட்கார்ந்து, அடுத்த நகர்த்தலை ஓர் அட்டையால் மறைத்து, உங்கள் ஊகத்தை நோட்டில் எழுதிய பிறகே அட்டையை விலக்குங்கள்.

அதைவிடப் பெரிய தவறு, ஓப்பனிங்கை, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களை, காரணம் கேட்காமல் மனப்பாடம் செய்வது. 1858இல் பாரிஸ் ஓபரா அரங்கில் அமெரிக்க ஆட்டக்காரர் பால் மார்ஃபி வெள்ளைக் காய்களோடு 17 நகர்த்தலில் ஜெயித்த ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓப்பனிங்கின் பெயர் பிலிடோர் டிஃபென்ஸ் (எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை; முதலில் வெள்ளை, அடுத்து கறுப்பு): இ4 இ5, குதிரை எஃப்3 டி6, டி4 பிஷப் ஜி4. நான்காவதில் வெள்ளை இ5 சிப்பாயை வெட்டுகிறது. கறுப்பு ஏன் உடனே திருப்பி வெட்டவில்லை? வெட்டினால் ராணிகள் மாறி, கறுப்பு ராஜா டி8இல் நிற்கும். வெள்ளைக் குதிரை இ5 சிப்பாயைச் சும்மா எடுத்துக்கொண்டு எஃப்7, ஜி4 இரண்டையும் மிரட்டும். அதனால்தான் கறுப்பு தன் பிஷப்பைக் கொடுத்து எஃப்3 குதிரையை வெட்டவேண்டி வந்தது. இந்தக் கேள்வியைக் கேட்காத பிள்ளை, எதிராளி வேறு ஒன்றை நகர்த்தியதும் திகைத்து நிற்கும்.

16ஆவது நகர்த்தலில் ராணியைப் பலிகொடுப்பதை மட்டும் ரசித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். மேட் விழும்போது கறுப்பின் எஃப்8 பிஷப்பும் எச்8 யானையும் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. ஏழாவதில் வெள்ளை ராணி பி3 வந்து எஃப்7, பி7 இரண்டையும் மிரட்ட, கறுப்பு ராணி இ7இல் வந்து தன் பிஷப்பின் வழியையே அடைத்துக்கொண்டது. மார்ஃபி பி7 சிப்பாயை எடுத்திருந்தால், கறுப்பு ராணி பி4இல் செக் கொடுத்து ராணிகளை மாற்றியிருக்கும். அவர் அதை விட்டுவிட்டு குதிரையை சி3க்குக் கொண்டுவந்தார். ஆட்டத்தின் உயிரே இங்கேதான்.

என்ஜினை, அதாவது ஆட்டத்தை அலசும் கணினி நிரலை, முதலிலேயே போடாதீர்கள். அது எண்ணைக் காட்டும், காரணம் சொல்லாது. நோட்டு முடிந்தபின், ஊகம் பிசகிய இடங்களை மட்டும் அதில் சரிபாருங்கள். அதே ஓப்பனிங்கில் கறுப்பு ஜெயித்த ஆட்டங்களையும் தேடிப் படியுங்கள்.

சொந்த ஆட்டத்தைப் பதியாமல் விடுவதும் தவறுதான். குறைந்த நேரத்தில் ஆடும் ரேபிட் போட்டியில் நகர்த்தல்களை எழுதவேண்டிய கட்டாயம் இல்லை என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். அன்று இரவே, நினைவிருக்கும் வரை ஓப்பனிங்கையாவது எழுதி, எந்த நகர்த்தலில் படித்ததைவிட்டு விலகினீர்கள் என்று அடிக்கோடிடுங்கள்.