செங்குத்து வெல்டிங்: கீழிருந்து மேலே போங்க

கேட், கிரில் வேலை பழகுபவர்கள் செங்குத்தாக நிறுத்தின ஜாயிண்டில் திணறுவது உருகிய இரும்பு கீழே வழிவதால்தான். 5 மி.மீ.க்கு மேல் தடிமன் இருந்தால் கீழிருந்து மேலேதான் ஏற்ற வேண்டும். மேலிருந்து இறக்கினால் கசடு (ராடு பூச்சு உருகி வரும் கழிவு) முந்தி ஓடி உள்ளே மாட்டிக்கொள்ளும். பார்வைக்கு வழவழப்பாக இருக்கும், பிடிப்பு இருக்காது.

3.15 மி.மீ. 6013 ராடுக்கு (சாதாரண இரும்புக்கான வெல்டிங் கம்பி வகை) 90 முதல் 100 ஆம்ப்ஸில் ஆரம்பியுங்கள். படுக்கைத் தகட்டுக்கு வைப்பதைவிட பத்து சதவீதம் குறைவு. ராடு முனை லேசாக, 10 டிகிரி அளவுக்கு, மேல்நோக்கி இருக்கட்டும்.

ஆர்க்கை (ராடு முனைக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் மின்சுடர்) ராடு கம்பியின் தடிமனுக்கு மேல் நீட்டாதீர்கள். இரண்டு ஓரத்திலும் ஒரு கணம் நின்று, நடுவை வேகமாகக் கடக்க வேண்டும். ஓரத்தில் நிற்காவிட்டால் அண்டர்கட் (வெல்டிங் ஓரத்தில் பள்ளம்) விழும். நடுவில் தயங்கினால் வயிறு தள்ளும். ஆம்ப்ஸ் அதிகமானாலும் இதேதான்.

மதுரையில் ஐப்பசி மழை பிடித்தால் ராடு ஈரம் வாங்கிவிடும். 6013-ஐ 100 டிகிரியில் ஒரு மணி நேரம் காய வைத்தால் போதும்.

முழுக்கைச் சட்டை, தோல் கையுறை கட்டாயம். பேண்ட்டை ஷூவுக்குள் திணிக்காதீர்கள், பொறி உள்ளே இறங்கும்.