கோர வீடியோவைத் திறக்கத் துடிக்கும் விரலுக்கு

பெங்களூரில் சில்க் போர்டு பக்கம் விபத்து என்றால், ஆம்புலன்ஸுக்கு முன்னால் வீடியோ அப்பார்ட்மென்ட் குரூப்புக்கு வந்துவிடும். பார்க்கத் தோன்றுவது வக்கிரம் இல்லை. ஆபத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளத் துடிப்பது மனித சுபாவம்.

முதலில் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா'வுக்குப் போய், மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் மூன்றிலும் ஆட்டோ டவுன்லோடை அணையுங்கள். பலர் வைஃபையை விட்டுவிடுவார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாம் தானாக இறங்கிவிடும். இனி மங்கலான சதுரமும் அம்புக்குறியும்தான் தெரியும்.

அம்பைத் தொடுமுன், என்ன தெரிய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்த இடம், தெரிந்தவரா, ரோடு திறந்தாச்சா? இதற்கெல்லாம் இரண்டு வரிச் செய்தி போதும். போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். 'பார்க்கவே கூடாது' என்று மல்லுக்கட்டினால் ஆசை இன்னும் ஏறும்.

பார்த்துத் தொலைத்துவிட்டீர்களா? மறுபடி பார்த்தால் தெளியும் என்று நினைக்காதீர்கள். இன்னும் ஆழமாகப் பதியும். மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் வீடியோ கேமான டெட்ரிஸ் ஆடுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2009-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில், கோரக் காட்சிகளைப் பார்த்து அரை மணி கழித்து 10 நிமிடம் அதை ஆடியவர்களுக்கு, அடுத்த வாரத்தில் அக்காட்சிகள் கண்முன் வருவது குறைந்தது. கட்டைகளைத் திருப்பி அடுக்கும்போது மூளையின் காட்சி நினைவுக்கு வேறு வேலை வந்துவிடுகிறது. வினாடி வினா அதற்கு உதவாது.

வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால், அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். போனை விடவே முடியாதவர்களுக்கு பெங்களூர் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் 'ஷட்' கிளினிக் இருக்கிறது.